சம்பந்தியம்மாவின் புது லேசர்

பிப்ரவரி 10, திங்கள்

கண்ணாடி நம்பர் மாற்றலாம் என்று ஈரோட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு கண்ணாடிக்கு ஒரு பகல் முழுக்க வேண்டுமா? சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், எழுப்பினார்கள், மறுபடியும் விட்டு உட்கார வைத்தார்கள். கடைசியில் டாக்டர் பூர்ணிமா என்ற சின்னப் பெண் வந்தாள். என்னிடம் டைப்ரைட்டிங் படிக்க வருகிற பெண்களின் வயதுதான் இருக்கும். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எனக்குக் கிளாகோமா என்றாள்.

அதிலும் திறந்த கோண கிளாகோமாவாம். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேற ஒரு கோணம் இருக்கிறதாம். அது திறந்துதான் இருக்கிறதாம், ஆனால் அங்கே உள்ள சல்லடை சரியாக வடியவிடுவதில்லையாம். அதனால் கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு தேய்கிறதாம். வலிக்காது, சிவக்காது, நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும், ஓரப் பார்வைதான் முதலில் போகும் என்று ஒப்பித்தாள். வலிக்காது, தெரியாது, ஆனால் இருக்கிறது என்றால் அது நோயா பேயா?

“போனது போனதுதானுங்கம்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கிறதுதான் இனி நம்ம வேலை” என்று முடித்தாள்.

கோபியில் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்த நாளிலிருந்து, கடைசி வரிசையில் ஒருத்தி தவறான விரலை வைத்தால் முன் மேசையிலிருந்தே சொல்லிவிடுகிறவள் நான். எனக்குப் பார்வை தேய்கிறதாம். ஓரப் பார்வையை அளக்கிற ஃபீல்டு டெஸ்ட் எடுக்க வேண்டும், ஆனால் அந்த மெஷின் பழுது, ஏப்ரலில் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நோயை மட்டும் உடனே கொடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் முதல் போன் சம்பந்தியம்மாவிடமிருந்து. என் மருமகள் மேகலாவுக்கு வாயில் எதுவும் தங்காது. நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுடைய அம்மாவுக்குச் சொல்லியாயிற்று.

சம்பந்தியம்மா பெயர் சுலோச்சனா. இருப்பது கவுந்தப்பாடி, பேச்சு மட்டும் பெங்களூர். மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான் என்பதால், அங்கே மழை பெய்தால் இவர் இங்கே குடை பிடிப்பார். அவருக்கும் இதே கிளாகோமாவாம். போன மாதம் மகன் வீட்டுக்குப் போனபோது கண்டுபிடித்து, இரண்டு கண்ணிலும் புது லேசர் வைத்தாயிற்றாம். நோயில்கூட எனக்கு முந்திக்கொண்டார்.

“பழைய லேசர் கண்ணைச் சுட்டுப்போடுமாமுங். இது பூவாட்டம் இருந்துச்சுங். நீங்களும் புதுசே வெச்சுக்கோங்க சம்பந்தி” என்றார். பூவாம். கல்யாணத்தில் இவர்கள் வீட்டுப் பந்தலில் கட்டியிருந்த பூ சாயந்தரத்துக்குள் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

லேசர் ஆயிற்று. பழையதுதான்.

டாக்டர் பெண் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் போட்டுக் காட்டினாள். பழையது சல்லடையில் வரிசையாகச் சின்னச் சின்னச் சூடு வைக்கும். சூடு பட்ட இடம் சுருங்குகிறபோது பக்கத்திலிருக்கும் சல்லடைத் துளைகள் அகன்று நீர் வடியும். தழும்பு விழுவதால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைக்க முடியாது. புதியது கருநிறமுள்ள செல்களை மட்டும் தட்டி எழுப்பும், சுடாது, பலன் குறைந்தால் மறுபடியும் வைக்கலாம். அவர்களுக்குப் புது மெஷின் இன்னும் சில மாதத்தில் வந்துவிடும், அதுவரை சொட்டு மருந்தில் ஓட்டலாம், இல்லையென்றால் கோவைக்கு எழுதித் தருகிறேன் என்றாள்.

ஒரு தடவையில் முடிகிற வேலையை மறுபடி மறுபடி செய்யலாம் என்பது ஒரு பெருமையா? என் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிற மெஷின்கள் அவள் பிறப்பதற்கு முந்தியவை. அவற்றில் தட்டிப் பழகியவர்கள்தான் கோபி, சத்தி, அந்தியூர் ஆபீஸ் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பழசு என்றால் மட்டம் என்று யார் சொன்னது? பழையதையே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தாடையை ஒரு தட்டில் வைத்து, கண்ணில் ஒரு கண்ணாடிக் கட்டியை ஒட்ட வைத்து, பச்சை வெளிச்சமாகப் பளிச்சுப் பளிச்சென்று அடித்தாள். ஊசி குத்துகிற மாதிரி அவ்வப்போது சுருக்கென்றது. சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மகன் கார்த்தி வெளியே நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். தைரியம் எல்லாம் அவன் அப்பாவோடு போயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

மேகலாவின் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து. குழந்தையின் காதை யாரும் பார்க்கவில்லை. வந்த ஒறம்பரைச் சனம் மொத்தமும் என் கண்ணையும் சம்பந்தியம்மாவின் கண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

பழைய லேசரா புது லேசரா என்று பந்தியில் இரண்டு கட்சி. போர்வெல்லுக்கு எந்த மோட்டார் நல்லது என்று பேசுவார்களே, அந்தத் தொனிதான். கண் டாக்டர் என்று ஒருவரைக்கூட வாழ்க்கையில் பார்த்திராத சின்ன மாமனார், சூடு பட்டால்தான் எந்த நோயும் அடங்கும், மாட்டுக்கே அப்படித்தானே என்றார். என் கட்சிக்கு வாய்த்த வக்கீல். எதிர்க்கட்சியில் ஒரு பெண், பச்சை வெளிச்சமா சிவப்பு வெளிச்சமா என்று கேட்டு, பச்சை என்றால் பாவக்காய்ச்சாறு குடிக்கக்கூடாது என்றாள். எதற்கு எது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

சம்பந்தியம்மா எல்லாருக்கும் பொறுமையாக, பெங்களூரில் லிஃப்ட் எப்படி இருந்தது என்பதிலிருந்து சொன்னார். பிரஷர் எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்டேன். முப்பதிலிருந்து இருபத்தொன்றாம். எனக்கும் முப்பதிலிருந்து இருபத்தொன்றுதான். ஒரு புள்ளியாவது அவருக்கு அதிகம் இருந்திருக்கலாம்.

கிளம்பும்போது மண்டப வாசல் தூணில் இடது தோள் இடித்துவிட்டது. தூணை நடைபாதையில் கட்டுகிறவனை என்ன சொல்வது.

ஏப்ரல் 9, புதன்

அந்தப் பிரசித்தி பெற்ற ஃபீல்டு டெஸ்ட் இன்று நடந்தது.

இருட்டறை. ஒரு கண்ணை மூடி, முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் கொடுக்க வேண்டும். நடுவிலிருக்கிற புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கங்கே மினுக் மினுக்கென்று வெளிச்சம் வரும், வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இதற்கு ஒரு பரீட்சை என்று பெயர்.

முதலில் ஒன்றிரண்டு வெளிச்சம் வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றையும் காணோம். ஆனால் மெஷினுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு விரல் பழக்குவதே தாளத்தில்தான். நான் ஸ்கேலால் மேசையில் தட்டுவேன், அவர்கள் தட்டுக்கு ஒரு எழுத்து அடிப்பார்கள். காகிதத்தையோ கையையோ பார்க்கக்கூடாது. விரலுக்குத் தாளம் வந்துவிட்டால் போதும். இதுவும் அப்படித்தான். டக், அழுத்து. டக், அழுத்து. கட்டைவிரல் தானாக வேலை செய்தது.

அப்படிச் செய்தும் டெஸ்ட் எடுக்கிற பெண் வந்து, ரிப்போர்ட் சரியாக வரவில்லை, வெளிச்சம் வராதபோதும் நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள் என்று மெஷின் சொல்கிறது என்றாள். சும்மா சத்தம் மட்டும் கொடுத்துச் சோதிக்குமாம். திருட்டு மெஷின். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையையும் நான் இரண்டாவது தடவை எழுதியதில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்கு ஸ்பீடு பேப்பர். மனசெல்லாம் அந்த டக் சத்தத்திலேயே இருந்தது.

ஏப்ரல் 23, புதன்

பாஸ்.

அவ்வளவு சுலபம். எல்லாத் தட்டுக்கும் அழுத்தினால்தானே கண்டுபிடிக்கும்? கெட்டிக்காரப் பிள்ளை தெரியாத கேள்வியை விட்டுவிட்டுப் போகிற மாதிரி, இடையிடையே ஒன்றை விட்டேன். தாளம் கொஞ்சம் மாறினால் நானும் மாறினேன். மெஷின் என்றால் நம்மை மிஞ்சியதா? நான் பார்க்காத மெஷினா?

டாக்டர் பெண் காகிதத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் ஏறக்குறைய முழுக்க வெள்ளை. வெள்ளை என்றால் தெரிகிற இடம், கறுப்பு என்றால் தெரியாத இடம். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றாள். அப்படியென்றால் பிரஷர் இருபத்தொன்று போதும், இன்னும் கீழே இறக்க அவசரமில்லை, ஆபரேஷன் பற்றி யோசிக்கவே வேண்டாம், சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினாள். நோயாளி நன்றாக இருந்தால் ஒரு டாக்டருக்குச் சந்தோஷம் வர வேண்டும். இவள் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 18, ஞாயிறு

சம்பந்தியம்மாவும் இப்போது ஈரோட்டிலேயே காட்டுகிறார். சோதனைக்கெல்லாம் பெங்களூர் போய்வர முடியவில்லையாம். பூவை அங்கே வைத்துக்கொண்டு காம்பை இங்கே காட்டுகிறார். அவருடைய ஃபீல்டு டெஸ்ட் காகிதத்தை இன்று வீட்டுக்கு எடுத்துவந்தார்.

கறுப்பு. இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கமாக ஒரு கறுப்புத் திட்டு. என்னுடையதைப் பீரோவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சொல்லவே தேவையில்லை, கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும். புது லேசருக்குக் கறுப்பு, பழைய லேசருக்கு வெள்ளை. கார்த்திகூட, “அம்மா சொன்னது சரியாத்தான் போச்சு” என்றான். அவன் வாயிலிருந்து அது வர எனக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். சம்பந்தியம்மா இரண்டு காகிதத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “உங்களுக்கு எல்லா வெளிச்சமும் தெரிஞ்சுதுங்களா சம்பந்தி?” என்று கேட்டார். தெரியாமலா பொத்தானை அழுத்துவார்கள் என்றேன். அவர் தெரிந்ததற்கு மட்டும்தான் அழுத்தினாராம். பாதிக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தாராம். பரீட்சைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். விவரமில்லாத மனுஷி.

ஜூன் 12, வியாழன்

மேகலா கதவைப் பாதி திறந்து வைக்கிறாள். இதே வாரத்தில் இரண்டாவது தடவை நெற்றியில் இடி. திற, அல்லது மூடு. பாதியில் நிறுத்துவது என்ன பழக்கம்?

ஜூன் 16, திங்கள்

இடது கைப் பக்கம் வைத்த காபி டம்ளர் கவிழ்ந்து, திருத்தி வைத்த பேப்பர் எல்லாம் நாசம். வைக்கிறவர்கள் சொல்லிவிட்டு வைக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் போகிற ஜீவரேகா என்ற பெண், நான் திருத்திக் கொடுத்த பேப்பரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வரிகளின் ஆரம்பத்தில் இருக்கிற தவறுகளை நான் சுழிக்கவில்லையாம். “நானே எண்ணிப் பாத்தனுங் மிஸ்” என்கிறாள். பூனை மாதிரிச் சத்தமில்லாமல் இடது பக்கம் வந்து நின்றுகொண்டு பேசுகிறாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரியாதை இல்லாத காலம். தன்னுடைய தவறுகளை நான் கண்டுபிடிக்கவில்லை என்று குறை சொல்கிற மாணவியை என்ன செய்ய? பேப்பரை மறுபடி பார்த்தேன். இருந்தன. வெளிச்சம் போதவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஈரோடு. பிரஷர் இருபத்துமூன்று. டாக்டர் பெண் விளக்கை அடித்துக் கண்ணின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். நரம்பு இவ்வளவு தேய்ந்திருக்கிறவர்களுக்கு ஃபீல்டு டெஸ்ட் இப்படி வெள்ளையாக வருவதில்லை, நரம்பு ஒன்று சொல்கிறது, காகிதம் வேறு சொல்கிறது என்றாள். வண்டி ஓட்டும்போது, படி இறங்கும்போது சிரமம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி ஒரு டெஸ்ட் எடுக்கலாமா என்றாள். எத்தனை தடவை பாஸ் பண்ண வேண்டும்? தேவையில்லை என்று எழுந்துவந்துவிட்டேன்.

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரியின் படிகள் ஒரே நிறத்தில் கட்டப்பட்டிருக்கின்றன.

ஆகஸ்ட் 13, புதன்

விபத்து என்று சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

ஆடி முடிவதற்குள் பாரியூர் அம்மனைப் பார்க்க வேண்டும் என்று சம்பந்தியம்மா வந்திருந்தார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். ஏறினதிலிருந்து வாய் ஓயவில்லை. இடது பக்கம் ஆள் நிற்கிறாருங், இடது பக்கம் மாடு வருதுங், பஸ் முந்துதுங் என்று ஒரே ஒலிபரப்பு. வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் வழி சொல்கிற ஆசை அதிகம். கொஞ்சம் பேசாமல் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பேசாமல் வந்தார்.

வாய்க்கால் பாலம் தாண்டியதும், வயலிலிருந்து ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டோடு ரோட்டில் ஏறினார். எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. ஒரு கணம் ரோடு காலி, அடுத்த கணம் ஹேண்டில்பாரில் புல். அவர் வாய்க்கால் பக்கமாக விழுந்தார், நாங்கள் ரோட்டில் விழுந்தோம். அவருக்கு முட்டியில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமில்லை. சம்பந்தியம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறது.

ரோட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கார்த்தியிடம் அவர் சொன்னது இது: சைக்கிளைப் பார்த்ததும் பயத்தில் தானே என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாராம், அதனால்தான் வண்டி சாய்ந்ததாம், என் மேல் தப்பே இல்லையாம்.

அவர் என்னைத் தொடவே இல்லை. யார் இதைக் கேட்டார்கள் இவரிடம்? உடைந்த கையோடு எனக்கு ஒரு தயவு. மேகலா என்னிடம் மன்னிப்பு வேறு கேட்கிறாள், அம்மா இப்படித்தான் பதறுவார்கள் அத்தை என்று. எரிச்சலாக இருக்கிறது, யார் மேல் என்று எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி சொல்லிவிடுவேன்.

கார்த்தி காரில் எங்கள் இருவரையும் ஈரோட்டுக்குக் கூட்டிப்போனான். முதலில் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள், நானும் கூடவே உள்ளே உட்கார்ந்திருந்தேன். லேசர் வைத்து ஏழு மாதம் ஆகிவிட்டதால் அவருக்குப் பிரஷர் மறுபடி ஏறியிருக்கிறது. புது லேசர் மெஷின் இங்கேயே வந்துவிட்டது, இன்றைக்கே இன்னொரு தடவை வைத்துவிடலாம், ஏற்கெனவே கறுப்பு இருப்பதால் தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் பூர்ணிமா சொன்னார்.

சம்பந்தியம்மா முடியாது என்றார்.

அப்படி ஒரு பிடிவாதத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. புதுசு தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சம்பந்திக்கு வைத்த பழைய லேசர்தான் வேண்டும் என்று நின்றார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “ரெண்டு லேசருமே பிரஷரைக் கிட்டத்தட்ட ஒரே அளவுதானுங்கம்மா கொறைக்கும். புதுசுல தழும்பு விழாது, மறுபடி வெக்கலாம். உங்களுக்கு அதுதான் நல்லது.”

ஒரே அளவு. ஆறு மாதமாக ஒரு காதுகுத்தையே கெடுத்து நாங்கள் போட்ட சண்டைக்கு இதுதான் தீர்ப்பு. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

“அப்பறம் எப்படிங்க சம்பந்திக்கு மட்டும் பேப்பரு வெளுப்பா இருக்குது?” என்றார் சம்பந்தியம்மா. “எனக்கும் அதையே வெச்சு உடுங்க. இல்லாட்டி ஒண்ணும் வேண்டாமுங், நான் ஊட்டுக்குப் போறேன்.”

சொன்னதோடு நில்லாமல், மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தும்விட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் அம்மா, இப்படிப் போனால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார்.

நான் எடுத்துச் சொல்வதற்கு என்ன இருந்தது? என் காகிதம் வெள்ளையாக இருக்கும்வரை அந்த மனுஷி அந்த நாற்காலியில் உட்காரமாட்டார். இது நன்றாகத் தெரிந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு, “எனக்கு அந்த டெஸ்டை இன்னொருக்கா வெய்யுங்க. அதுக்கப்பறம் சொல்றேன்” என்றேன்.

அதே இருட்டறை, அதே கிண்ணம். முதலில் இடது கண். டக். கட்டைவிரல் துடித்தது, அழுத்தவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தால்தான் அழுத்துவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். டக். ஒன்றுமில்லை. டக். ஒன்றுமில்லை. ஒரு வெளிச்சம் வந்தது, அழுத்தினேன். பிறகு டக், டக், டக் என்று சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எதிரில் வெறும் வெள்ளைச் சுவர். மெஷின் மறுபடியும் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வெளிச்சம் வரவில்லை, பார் என்றேன்.

“வந்துட்டுத்தானுங்கம்மா இருக்குது” என்றாள்.

அப்போது பயந்துபோனேன். கை மடியில் கிடந்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காகிதம் வந்தது. இடது கண்ணில் நடுவில் ஒரு சின்ன வெள்ளை தவிர எல்லாம் கறுப்பு. வலது கண்ணில் பாதி. டாக்டர் பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் எப்படி அழுத்தினேன் என்பதைச் சொன்னேன். ஸ்கேலையும் தாளத்தையும்கூடச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இது ஏப்ரல்லயே தெரிஞ்சிருந்தா...” என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். வலது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற இனி லேசர் போதாது, ஆபரேஷன்தான், சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார். இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்பதை மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார்.

காகிதத்தை எடுத்துப்போய், வெளியே பெஞ்சில் இருந்த சம்பந்தியம்மாவின் இடது கையில் கொடுத்தேன்.

“இதுதானுங் பழைய லேசரு. நல்லாப் பாத்துக்கோங்க” என்றேன்.

பார்த்தார். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, நேராக உள்ளே போய், புதுசையே வைத்துவிடுங்கள் டாக்டர் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு நேரம் வைராக்கியமாக நின்றவர் இப்படிச் சட்டென்று வழிக்கு வந்தது எனக்கு இடித்தது. கண்ணில் சொட்டு விட்டு அவரை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தபோது கேட்டேன், என் காகிதத்தில் அதிசயப்பட ஒன்றுமே இல்லையா என்று.

“வண்டியில உங்களுக்குப் பின்னால எத்தனை தடவை உக்காந்திருக்கறனுங்” என்றார் கண்ணை மூடிக்கொண்டே. “நான் சொல்லாம எந்த எடது பக்கத்தையும் நீங்க பாத்ததில்லை. எனக்குச் சித்திரையிலயே தெரியுமுங்.”

“அப்பறம் எதுக்குங்க பழசுதான் வேணும்னு அடம் புடிச்சீங்க?”

“நேரா வந்து சொன்னா ஒத்துக்குவீங்களா?”

மாட்டேன் என்றேன்.

“அதுக்குத்தானுங்” என்றார்.

ஆறு மாதமாக இந்த நோட்டில் நான் யாரை விவரமில்லாதவர் என்று எழுதிக்கொண்டிருந்தேன்? உடைந்த கையோடு டாக்டர் அறையில் ஒரு நாடகம் போட்டு என்னைப் பேச வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நிஜமாகவே எழுந்து போயிருப்பீர்களா என்று கேட்டேன். “போயிருப்பனுங்” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருப்பார்கள், யாரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

புதன்கிழமை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. வலது கண்ணில் மிச்சமிருக்கும் பாதிதான் எனக்கு மொத்த உலகமும். அது தங்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

சின்ன மாமனார் போன் செய்து, ஆபரேஷனில் பழைய முறை நல்லதா புது முறை நல்லதா என்று விசாரித்தார். போனை வைத்துவிட்டேன்.

சம்பந்தியம்மா வந்து தங்கியிருக்கிறார், ஆபரேஷன் முடியும்வரை போகமாட்டாராம். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு எனக்குத் துணை. காலையில் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், குரல் கேட்டதே தவிர ஆள் எங்கே என்று தெரியவில்லை. இடது பக்கம் நின்றால் எனக்குத் தெரிவதில்லை, வலது பக்கம் வந்து பேசுங்கள் என்றேன். இதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

வந்து நின்றார். அங்கே வந்தும் அதே பெங்களூர் லிஃப்ட் கதைதான். முழுக்கக் கேட்டேன்.